உப்புத் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர்: முழுசாகக் கழுவிப் புதுக் கூலன்ட் ஊற்றுவது எப்படி?

உச்சிப்புளிக்காரன்
சனி, காலை 7.15

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருஷத்து டீசல் வண்டி. 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் குடும்பத்தோடு தொண்டிக்குக் கிளம்பினேன். உச்சி வெயில், உள்ளே ஐந்து பேர், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. தேவிபட்டினம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம், டெம்பரேச்சர் முள் பாதியை விட்டு மேலே நகர ஆரம்பித்தது. ஏசியை அணைத்தேன், இறங்கவில்லை. ஓரங்கட்டிப் பானெட்டைத் தூக்கினால் ரிசர்வாயர் டப்பாவுக்குள் உலை கொதிக்கிற மாதிரி சத்தம்.

மூடியில் கை வைக்கவில்லை. ரோட்டோரம் நுங்கு விற்ற ஒரு அம்மா பிள்ளைகளை நிழலில் உட்காரவைத்து நுங்கு சீவிக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் கழித்து, ஓஸ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, துணியைப் போட்டு மூடியைத் திறந்து, அவர் குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். 2 லிட்டர் குடித்தது. மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷமாக டப்பாவில் மட்டம் குறையும்போதெல்லாம் வீட்டு உப்புப் போர் தண்ணீரைத்தான் ஊற்றி வந்திருக்கிறேன். பச்சையாக இருந்த கூலன்ட் இப்போது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருக்கிறது. ஒரு வொர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "கீழே பிளக்கைத் திறந்து இறக்கிட்டுப் புதுசு ஊத்திடலாம், அரை மணி நேர வேலை" என்றார்கள். அது போதுமா? நானே செய்யலாம் என்றும் ஒரு எண்ணம் இருக்கிறது.

சாயல்குடி சம்சாரி
சனி, காலை 8.02

தம்பி, என் டிராக்டருக்கு வாங்கின நாளிலிருந்து கிணற்றுத் தண்ணீர்தான். ஒரு நாளும் நின்றதில்லை. கூலன்ட் என்பது பனி கொட்டுகிற ஊரில் தண்ணீர் உறையாமல் இருப்பதற்குப் போடுவது. ராமநாதபுரம் வெயிலில் எது உறையப் போகிறது? நல்ல தண்ணீரை ஊற்றி ஓட்டுங்கள்.

பாம்பன் போட் மெக்கானிக்
சனி, காலை 9.30

சம்சாரி அய்யா சொல்வதில் ஒரு பாதி சரி. வெப்பத்தைச் சுமக்கிற சக்தி வெறும் தண்ணீருக்குத்தான் அதிகம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் அதில் தண்ணீரை விடக் குறைவுதான். ஆனால் உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. நமக்கு வேண்டியது மற்ற இரண்டு வேலைகள். ஒன்று, கொதிநிலையை ஏற்றுவது. 1.1 பார் அழுத்தம் பிடிக்கிற மூடி போட்ட வண்டியில் வெறும் தண்ணீர் 120 டிகிரி சொச்சத்தில் கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கலவை என்றால் 130ஐ ஒட்டிப் போய்த்தான் கொதிக்கும். மே மாத மதியத்தில் அந்த இடைவெளிதான் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது, துருவும் அரிப்பும் பிடிக்காமல் இருக்க அதில் மருந்து கலந்திருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கடற்கரைக்கு அதுதான் முதல் காரணம்.

அய்யாவின் டிராக்டர் பழசாக இருந்தால் இரும்பு பிளாக், பித்தளை ரேடியேட்டர். இரும்பில் துரு பிடித்தாலும் கனம் இருக்கிறது, நாள் கடத்தும். இப்போதைய காரில் ஹெட், ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வு) உட்காரும் ஹவுசிங் எல்லாம் அலுமினியம். உப்பில் இருக்கிற குளோரைடு அலுமினியத்தில் ஊசி குத்தின மாதிரி குழி போடும். மேலே பார்த்தால் தெரியாது, ஒரு நாள் ஒழுகும்.

கடல் தண்ணீரிலேயே போட் இன்ஜின் ஓடுகிறதே என்று யாராவது கேட்பீர்கள், எங்கள் படகுத்துறையிலேயே கேட்பார்கள். பெரிய போட்டில் கடல் தண்ணீர் இன்ஜின் உடம்புக்குள் போவதே இல்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற பெட்டிக்குள் ஒரு வழியாக வந்து சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். இன்ஜினுக்குள் சுற்றுவது தனித் தண்ணீர். அந்தப் பெட்டியிலும் ஒரு ஜிங்க் கட்டை வைப்போம். உப்பு மற்ற உலோகத்தைத் தின்பதற்கு முன்னால் ஜிங்கைத் தின்னும். அது கரையக் கரைய மாற்றுவோம். காரில் அப்படி எதுவும் கிடையாது, தம்பி. ஊற்றின உப்பு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தேவிபட்டினம் டீச்சர்
சனி, காலை 10.11

அண்ணன் சொல்வதை அடுப்படியிலேயே பார்க்கலாம். எங்கள் வீட்டில் போர் தண்ணீரை வெந்நீருக்கு வைக்கிற பாத்திரத்தில் ஒரே மாதத்தில் வெள்ளை ஏடு கட்டிவிடும், கரண்டியால் சுரண்டினாலும் போகாது. ரேடியேட்டருக்குள் தினமும் வெந்நீர்தானே ஓடுகிறது? அங்கே எந்தக் கரண்டியை விட்டுச் சுரண்டுவது?

தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற எங்கள் பள்ளி டிடிஎஸ் மீட்டரில் நான் பார்த்த அளவுகள்: வீட்டுப் போர் 2,400 பிபிஎம். காவிரிக் கூட்டுக் குடிநீர் 310. கடையில் வாங்கின டிஸ்டில்டு வாட்டர் 4.

நாக்கை நம்பாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தனுஷ்கோடியில் மணலைத் தோண்டி எடுக்கிற ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு நன்றாக இருக்கும்! குடிக்க நன்றாக இருந்தாலும் அதிலும் தாது உப்பு உண்டு.

தொண்டி டாக்ஸி
சனி, பகல் 12.40

வருஷம் முழுக்க தனுஷ்கோடி, திருப்புல்லாணி, ஏர்வாடி என்று டிரிப் அடிக்கிறவன் நான். என் யோசனை இதுதான்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டியதே இல்லை, தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாக ஓடட்டும். என் பழைய வண்டியில் அப்படித்தான் மூன்று வருஷம் ஓட்டினேன்.

பாம்பன் போட் மெக்கானிக்
சனி, பகல் 1.25

தம்பி, கழுவுகிற நேரத்தில் கழற்றுங்கள், நல்லது. கழற்றியபடியே ஓட்ட வேண்டாம். இன்ஜின் அதற்குரிய சூட்டுக்கு வராமலே ஓடும். டீசல் சரியாக எரியாது, மைலேஜ் குறையும், ஆயில் சீக்கிரம் கெடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: சில இன்ஜினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கப் போய் சூட்டை ஏற்றிக்கொள்வீர்கள்.

கீழக்கரைக் காக்கா
சனி, மாலை 4.50

அஸ்ஸலாமு அலைக்கும். சவூதியில் 14 வருஷம் வொர்க்‌ஷாப்பில் இருந்தவன், ஊருக்கு வந்தும் இதே வேலைதான். உச்சிப்புளித் தம்பிக்கு ஒரு கேள்வி. கழுவுவது இருக்கட்டும், தண்ணீர் ஏன் குறைந்தது? மூடிய சிஸ்டத்தில் தண்ணீர் தானாகக் குறையாது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கூலன்ட் ஊற்றினால் அடுத்த மாதம் மறுபடியும் போர் தண்ணீர்தான் ஊற்றுவீர்கள்.

ஆறின இன்ஜினில் இதையெல்லாம் பாருங்கள். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா? ஓஸ் கிளிப்புக்குக் கீழே வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அங்கே ஒழுகின தடம் இருந்தால் பம்ப் போகப் போகிறது. ஸ்டார்ட் செய்ததும் டப்பாவில் விடாமல் குமிழ் வந்தாலோ, ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி படிந்திருந்தாலோ, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தாலோ ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகட்டை, அதாவது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அப்படியிருந்தால் கழுவுகிற வேலையை நிறுத்திவிட்டு முதலில் ஹெட்டைப் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். மண்டபம், பாம்பன் பக்கம் ஓடுகிற வண்டியில் உப்புக் காற்று பட்டு அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். விரலால் தடவினால் திருநீறு மாதிரி ஒட்டும். தனுஷ்கோடி மணல் ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் புகுந்து அடைத்துக்கொள்ளும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, வேகம் குறைந்த தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷ் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

உச்சிப்புளிக்காரன்
சனி, மாலை 6.20

காக்கா, நீங்கள் சொன்னபடி இப்போதே டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் ஓஸ் கிளிப்புக்கு அடியில் பச்சைப் பொடி. மூடியின் ரப்பரில் ஒரு வெடிப்பு. குமிழ் இல்லை, ஆயில் சுத்தமாக இருக்கிறது. பம்ப் காய்ந்திருக்கிறது.

மூடி, கிளிப், தெர்மோஸ்டாட் மூன்றும் புதுசு வாங்கிவிடுகிறேன். கழுவும் முறையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள். உள்ளே அடைத்திருப்பது கரைய ஆசிட் ஊற்றலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

கீழக்கரைக் காக்கா
சனி, இரவு 8.45

ஆசிட் வேண்டவே வேண்டாம் தம்பி! கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டைக் காருக்குள் ஊற்றி ஹவுசிங் ஓட்டையாகி வந்த வண்டியை நான் கையால் பிரித்திருக்கிறேன். படிவு மிக மோசமாக இருந்தால், அலுமினியத்துக்கு ஆகும் என்று அச்சிட்ட ரேடியேட்டர் ஃபிளஷ் பாட்டில் கடையில் கிடைக்கும். அதில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் கூட உள்ளே விடக்கூடாது. உங்கள் வண்டிக்கு முதலில் தண்ணீரிலேயே கழுவிப் பாருங்கள்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், விடிகாலையில் ஆரம்பியுங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஹீட்டர் ஸ்விட்சை முழுச் சூட்டில் வைக்கவும், இல்லையென்றால் சில வண்டியில் ஹீட்டருக்குள் நிற்கிற பழைய தண்ணீர் இறங்காது. மூடியைத் திறந்து, கீழே அகலமான தொட்டி வைத்து, பிளக்கைத் திறங்கள். பிளக் பிளாஸ்டிக்காக இருந்து இறுகியிருந்தால் மல்லுக்கட்டாதீர்கள், உடையும். கீழ் ஓஸைக் கழற்றினாலே போதும். இறங்கின அளவை லிட்டர் கணக்கில் குறித்து வையுங்கள், அது பின்னால் ரொம்ப உதவும்.

பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஹவுசிங்கை மட்டும் மூடி, தண்ணீர் நிரப்பி, நின்ற இடத்திலேயே இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் உள்ளே இருந்தால் 82, 88 டிகிரி என்று அதற்குரிய சூடு வரும்வரை திறக்காது. இன்ஜினில் நிற்கிற பழைய தண்ணீர் அசையாது, நீங்கள் ரேடியேட்டரை மட்டும் கழுவிக்கொண்டிருப்பீர்கள். அரை மணி நேர வேலை என்றார்களே, அதில் தப்பிப்போவது இதுதான். ஓட்டி முடித்ததும் ஆறவிடுங்கள். சூட்டில் திறக்கவும் வேண்டாம், சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், ஹெட் வெடிக்கும். இறக்குங்கள், நிரப்புங்கள், ஓட்டுங்கள். இறங்குகிற தண்ணீர் தெளிகிற வரை.

உச்சிப்புளிக்காரன்
சனி, இரவு 9.10

மேனுவலில் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர், பாதிக்குப் பாதி கலவை என்று போட்டிருக்கிறது. கலந்தே விற்கிற கூலன்ட் வாங்கட்டுமா, தண்ணீர் சேர்க்காத கெட்டிக் கூலன்ட் வாங்கிக் கலக்கட்டுமா? எத்தனை தடவை கழுவினால் போதும்?

தேவிபட்டினம் டீச்சர்
சனி, இரவு 9.48

இது எங்கள் எட்டாம் வகுப்புக் கணக்கு. 6 லிட்டரில் 3.5 லிட்டர்தான் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினில் 2.5 லிட்டர் நிற்கும். ஒரு தடவை இறக்கி நிரப்பினால் பழசு 42 சதவீதம் மிச்சம். இரண்டாவது தடவை 17, மூன்றாவது 7, நான்காவதில் 3 சதவீதம்.

கலந்து வந்த கூலன்ட் வாங்கினால் என்ன ஆகும் பாருங்கள். உள்ளே 2.5 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. மேலே 3.5 லிட்டர் ஊற்றுகிறீர்கள், அதில் பாதி, அதாவது 1.75 லிட்டர்தான் கிளைகால். 6 லிட்டருக்கு அது 29 சதவீதம். பாட்டிலில் பாதிக்குப் பாதி என்று இருக்கும், வண்டிக்குள் அப்படி இருக்காது.

அதனால் கெட்டிக் கூலன்ட் 3 லிட்டரை முதலில் ஊற்றுங்கள். மொத்தத்தில் பாதி அதுதான். மீதி அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். உள்ளே நிற்கிற 2.5 லிட்டரும் டிஸ்டில்டு வாட்டராகவே இருக்க வேண்டும். அதனால் கடைசி மூன்று கழுவலையாவது அதில் செய்யுங்கள்.

கீழக்கரைக் காக்கா
சனி, இரவு 10.05

மாஷா அல்லாஹ், டீச்சர்! இத்தனை வருஷம் வேலை பார்த்தும் இதை நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. 29 சதவீதம் ரொம்பக் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் துருவைத் தடுக்கிற மருந்து போதாது.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம் கம்பெனி சேர்க்கிற சாயம். மேனுவலில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள், வேறு வகையோடு கலக்காதீர்கள். சேராத இரண்டு கலந்தால் கூழ் மாதிரி திரண்டுவிடும். டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்கும்போது கடையில் பேட்டரி ஆசிட்டை எடுத்துக் கொடுத்துவிடப் போகிறார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

உச்சிப்புளிக்காரன்
ஞாயிறு, பிற்பகல் 2.30

முடித்துவிட்டேன். காலை ஆறுக்கு ஆரம்பித்தது, ஒன்றரைக்கு முடிந்தது. பாதி நேரம் ஆறவிடுவதிலேயே போனது.

கீழ் ஓஸைக் கழற்றியதும் முதலில் ஒன்றுமே வரவில்லை. ஒரு நிமிஷம் கழித்துக் குபுக்கென்று வந்தது. காவித் தண்ணீர், நடுவில் மணல் மாதிரி துகள். டீ வடிகட்டியில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தேன், உடைந்து மாவானது. மணல் இல்லை, உப்புப் படிவு. ஓஸுக்குள் விரலை விட்டால் வழவழவென்று செங்கல் நிறச் சேறு. தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் வெள்ளை அப்பியிருந்தது, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மறந்து காய்ந்துபோன மாதிரி. ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் பாதிதான் திறந்தது. புதுசை அதே தண்ணீரில் போட்டேன், கொதிப்பதற்கு முன்பே முழுசாகத் திறந்துவிட்டது. அன்றைக்கு ரோட்டில் நின்றதற்குக் காரணம் என் கையிலேயே இருந்தது.

இறங்கினது டீச்சர் வைத்துக்கொண்ட மாதிரியே 3.5 லிட்டர்தான். இரண்டு தடவை காவிரித் தண்ணீர், மூன்று தடவை டிஸ்டில்டு வாட்டர். கடைசியில் இறங்கியதை ஆறவைத்து, டீச்சரிடம் வாங்கி வந்த மீட்டரை விட்டுப் பார்த்தால் 60ஐ ஒட்டிக் காட்டியது. புதுத் தெர்மோஸ்டாட், புதுக் கிளிப் போட்டு, 3 லிட்டர் கெட்டிக் கூலன்டை மெல்லிய தாரையாக ஊற்றினேன்.

ஆனால் இப்போது ஓடவிட்டால் முள் ஏறுகிறது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது. அணைத்துவிட்டேன். என்ன தப்பு செய்தேன்?

பாம்பன் போட் மெக்கானிக்
ஞாயிறு, பிற்பகல் 2.41

ஒன்றும் தப்பில்லை, உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஆறட்டும். முன் சக்கரம் இரண்டையும் மேட்டில் ஏற்றுங்கள், மூடி இருக்கிற பக்கம் உயர வேண்டும். தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கம் காற்று விடுகிற ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழ் நின்று கூலன்ட் மட்டும் வரும்போது இறுக்குங்கள். ஸ்க்ரூ இல்லையென்றால் ஆறின இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து, மேல் ஓஸைப் பசுவுக்குப் பால் கறக்கிற மாதிரி அமுக்கி அமுக்கி விடுங்கள். மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். மூடியைப் போட்டு ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கிற வரை ஓட்டுங்கள். ஹீட்டரில் அனல் அடித்தால் காற்று போய்விட்டது என்று அர்த்தம்.

உச்சிப்புளிக்காரன்
ஞாயிறு, மாலை 5.15

வீட்டு வாசல் மேட்டில் ஏற்றி ஓஸை அமுக்கினேன். களக் களக்கென்று காற்று வந்தது, மட்டம் இரண்டு விரல் இறங்கியது. நிரப்பி ஓட்டினேன். ஃபேன் ஓடி நின்றது, மறுபடி ஓடி நின்றது. ஹீட்டரில் அனல். முள் பாதிக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்கிறது. உங்கள் எல்லோருக்கும் நன்றி, மனசார.

சாயல்குடி சம்சாரி
ஞாயிறு, மாலை 6.40

தம்பி, பழைய கூலன்டை எங்கே கொட்டினீர்கள்? அது தித்திப்பாக இருக்கும் என்கிறார்களே. எங்கள் பக்கம் ஆடு எதையும் நக்கும்.

உச்சிப்புளிக்காரன்
ஞாயிறு, மாலை 7.05

இன்னும் கொட்டவில்லை அய்யா. முதல் மூன்று தடவை இறக்கினதை மூடி போட்ட கேன்களில் எடுத்து வைத்திருக்கிறேன்.

தேவிபட்டினம் டீச்சர்
ஞாயிறு, இரவு 8.20

கேன் மேல் விஷம் என்று பெரிதாக எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எத்திலீன் கிளைகால் கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும், ஆடு, நாய், பூனை, மனிதர் யாருக்கும். பெரிய சர்வீஸ் சென்டர்களில் கழிவு எடுக்க ஏற்பாடு இருக்கும், கேட்டுக் கொடுங்கள். வாய்க்காலில் மட்டும் வேண்டாம். நம்ம வாய்க்கால் எல்லாம் போய்ச் சேருவது கடலில்தானே, எதிரே மன்னார் வளைகுடாத் தீவுகளும் பவளப்பாறையும் இருக்கின்றன.

சாயல்குடி சம்சாரி
அடுத்த புதன், இரவு 7.30

டீச்சர் சொன்ன வெந்நீர்ப் பாத்திரத்தை எங்கள் வீட்டிலும் பார்த்தேன். இன்றைக்கு டிராக்டர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குழாய் வாய் பாதி அடைந்து கிடக்கிறது. பித்தளை ரேடியேட்டருக்கு எந்தக் கூலன்ட் போடலாம்?

பாம்பன் போட் மெக்கானிக்
புதன், இரவு 8.10

டிராக்டர் புத்தகத்தில் போட்டிருக்கும் அய்யா. புத்தகம் இல்லையென்றால், செம்புக்கும் பித்தளைக்கும் ஆகும் என்று அச்சிட்ட பழைய வகைக் கூலன்ட் கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்துக் குழாயில் கம்பி விட்டு எடுக்கச் சொல்லுங்கள். பாதி அடைந்தது தண்ணீரில் மட்டும் வராது.

தேவிபட்டினம் டீச்சர்
புதன், இரவு 8.35

உச்சிப்புளி அண்ணே, என் வண்டிக்கும் நாலு வருஷமாகக் கூலன்ட் மாற்றவில்லை. மீட்டரை வாங்க வரும்போது வண்டியையும் கொண்டு வரட்டுமா?

உச்சிப்புளிக்காரன்
புதன், இரவு 8.50

தாராளமாக வாங்க டீச்சர். ஆனால் சனிக்கிழமை சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள், ராத்திரி முழுக்க ஆறட்டும். டிஸ்டில்டு வாட்டர் 4 லிட்டர் என்னிடம் மிச்சம் இருக்கிறது. காலி கேன் மட்டும் இரண்டு மூன்று எடுத்து வாங்க.